பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரமா, வேறு வழியா?

அந்தக் குழாய்த் துண்டு ஒரு முழ நீளம்கூட இருக்காது. எங்கள் ஊர்ப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் பராமரிப்பு அலுவலர் அதைப் பழைய துணியில் சுற்றி எடுத்துவந்து நூலக மேசைமீது வைத்தார். வெளியே இரண்டு அங்குல விட்டம். உள்ளே துரு ஏறி ஏறி, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் மிச்சமிருந்தது. என் மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர் போன குழாய் அது. கூட்டத்துக்கு வந்திருந்த பெற்றோர் ஒவ்வொருவராக அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தோம். மேசைத் துணியில் செம்மண் போலத் துருப்பொடி உதிர்ந்து கிடந்தது.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிகளைப் புதுப்பிக்கக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று வாக்காளரிடம் கேட்க, மாவட்டக் கல்வி வாரியம் யோசித்துவருகிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரமாக இதே பேச்சு. "கட்டுகிற சொத்து வரி போதாதா?" என்கிறார்கள் சிலர். "பள்ளி நன்றாக இருந்தால்தானே வீட்டுக்கு விலை" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே பாதிக் கணக்குதான். பத்திரத்தைத் தள்ளிவிட்டால் அந்தக் குழாயை எந்தப் பணத்தில் மாற்றுவது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் ஒவ்வொரு வழியாக எடுத்துவைத்துப் பார்த்தேன்.

முதலில் கட்டடங்களைப் பற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகிய 1950களிலும் 60களிலும் கலிஃபோர்னியாவில் வேகவேகமாகப் பள்ளிகள் எழுந்தன. தட்டையான கூரை, ஒற்றை மாடி, வெயிலும் மழையும் வந்துபோகும் திறந்த நடைவழி என்று ஒரே அச்சில் வார்த்த பள்ளிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். அப்போது குளிர்சாதனத்துக்கோ, பிள்ளைக்கொரு கணினிக்கோ யாரும் மின்கம்பி இழுக்கவில்லை. இடம் போதாமல் பிற்பாடு கொண்டுவந்து இறக்கிய போர்ட்டபிள் வகுப்பறைகள், தற்காலிகம் என்ற பெயரோடு பல பத்தாண்டுகளாக அங்கேயே நிற்கின்றன. என் மகளின் கணித வகுப்பு அப்படி ஒன்றில்தான் நடக்கிறது. செப்டம்பர் வெயிலில் சுவரோடு மாட்டிய ஏசியைப் போட்டால் ஆசிரியரின் குரல் கேட்காது. நிறுத்தினால் பத்து நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும். விளக்கம் சொல்லும்போது நிறுத்துவதும், கணக்குப் போடும்போது ஓடவிடுவதுமாக அந்த ஆசிரியர் ஒரு முறை வைத்திருக்கிறார்.

இனி பத்திரம். மாவட்டம் முதலீட்டாளர்களிடம் கடன் வாங்குகிறது. அந்தக் கடனை ஊரிலுள்ள சொத்துகள்மீது விதிக்கும் தனி வரி 25, 30 ஆண்டுகளில் அடைக்கிறது. இந்த வட்டிக்கு முதலீட்டாளர்கள் மத்திய அரசுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், குறைந்த வட்டிக்கே கொடுக்க முன்வருகிறார்கள். ஒரு காலத்தில் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2000 நவம்பரில் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவு (முன்மொழிவு என்றால் மாநில வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் சட்டம்) அதை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்குச் சில கடிவாளங்களையும் போட்டது. என்னென்ன வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும். மாவட்ட ஊழியரோ ஒப்பந்ததாரரோ இடம்பெறாத குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. "வாங்கிச் சம்பளமாகக் கரைத்துவிடுவார்கள்" என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒரே நிர்வாகத்தில் இருக்கும் மாவட்டத்தில், இந்தச் சட்டப்படி ஒரு வாக்கெடுப்பில் கேட்கும் பத்திரத்துக்கான வரி, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலரைத் தாண்டும் என்ற மதிப்பீட்டில் பத்திரம் வெளியிட முடியாது. மதிப்பு என்றால் சந்தை விலை இல்லை, வரி மதிப்பு. 15 லட்சம் டாலருக்கு அண்மையில் வீடு வாங்கிய குடும்பத்துக்கு உச்சவரம்பில் ஆண்டுக்கு 900 டாலர், மாதம் 75. இது சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். முன்பு நிறைவேறிய பத்திரங்களின் வரி ஏற்கெனவே ரசீதில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். புதியது அவற்றோடு சேரும். அக்டோபரில் வரும் அந்த ரசீதை இந்த முறையாவது மொத்தத் தொகையோடு நிறுத்தாமல் கீழ்வரை படியுங்கள்.

நம்மவர்களில் பலரைச் சுடுவது அடுத்த கணக்குதான். 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவின்படி, வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். அடுத்த வீட்டுப் பெரியவர் 1980களில் வாங்கியவர் என்றால், அதே அளவு வீட்டுக்கு அவருடைய வரி மதிப்பு இரண்டரை லட்சமாக இருக்கக்கூடும். அதே பத்திரத்துக்கு அவர் கட்டுவது 150 டாலர். புதிதாக வந்தவர் கட்டுவது 900. இன்னொன்றும் உண்டு. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வரி முழுவதையும் கட்டுவார், வாக்களிக்க முடியாது. இந்தக் குறை உண்மையானது, நியாயமானது. ஆனால் இது கலிஃபோர்னியச் சொத்து வரியின் அடிப்படையிலேயே இருக்கும் கோணல். பத்திரத்தைத் தோற்கடித்தாலும் அது நிமிராது; துருப்பிடித்த குழாய் மட்டும் அப்படியே இருக்கும். வாக்கில்லாதவருக்கும் கல்வி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச உரிமை இருக்கிறது. பாதிக் கூட்டங்களில் பத்துப் பேர்கூட இல்லாத அந்த அரங்கில், ஒருவர் எழுந்து கேட்கும் ஒழுங்கான கேள்விக்கு நல்ல கனம் உண்டு.

இரண்டாவது வழி, கடனே வாங்காமல் ஆண்டு வரவிலிருந்து ஒட்டுப்போட்டுக்கொண்டே போவது. சிக்கனமாகத் தோன்றுவதால் இதற்கு எப்போதும் ஆதரவு உண்டு. எண்களை வைத்துப் பார்ப்போம். 10 கோடி டாலரை 4 சதவீத வட்டிக்கு வாங்கி 25 ஆண்டுகளில் சமத் தவணையாக அடைத்தால், மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 16 கோடி. ஆறு கோடி வட்டியா என்று மனம் துணுக்குறும். இப்போது கடன் வாங்காமல் பத்தாண்டு பொறுப்போம். கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அதே 10 கோடி வேலைக்குப் பத்தாண்டு முடிவில் 16 கோடிக்குச் சற்று மேல் ஆகும். அந்தப் பணம் அப்போதும் கையில் இருக்காது. அன்றைக்கும் கடன்தான் வாங்க வேண்டும், பெரிய கடனாக. பிந்திய டாலருக்கு மதிப்புக் குறைவு, விலையேற்றம் 5 சதவீதத்துக்குக் கீழேயும் போகலாம் என்று யாராவது மறுத்தால், சரிதான். என் எண்களைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் இடைப்பட்ட பத்தாண்டில் நடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒழுகும் கூரை கூரையோடு நிற்பதில்லை. உட்கூரைப் பலகையை நனைத்து, மரச்சட்டத்தை உளுக்கவைத்து, சுவருக்குள் பூசணத்தை வளர்க்கிறது. 200 டாலர் வேலை 20,000 டாலர் வேலையாவதை வீடு வைத்திருப்பவர் யாரும் அறிவர். அவசரப் பழுதுக்கு எடுக்கும் ஒவ்வொரு டாலரும் ஆசிரியர் சம்பளமும் நூலகர் சம்பளமும் வரும் அதே பொதுக் கணக்கிலிருந்துதான் போகிறது.

கடனுக்குச் சார்பாக நான் மிகவும் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. ஒரு கூரை 25 ஆண்டு உழைக்கும். அதன் கீழே உட்காரப்போகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் 25 ஆண்டுகளிலும் மாறி மாறி வருவார்கள். அப்படியிருக்க, இன்றைக்கு இருப்பவர்கள் மட்டும் முழுப் பணத்தையும் ரொக்கமாக எடுத்துவைக்க வேண்டும் என்பது முறையா? தவணையாகப் பிரித்தால் பயன்படுத்துகிறவரே கட்டுகிறார். இதே வாதம் மறுபக்கமும் வெட்டும் என்பதை மறக்கக்கூடாது. நாலு ஆண்டில் தூக்கியெறியப்போகும் மடிக்கணினியை 25 ஆண்டுக் கடனில் வாங்கினால், குப்பைக்குப் போன பொருளுக்கு இருபது ஆண்டு வட்டி கட்டுவோம். பத்திரப் பட்டியலில் நான் முதலில் தேடுவது இந்தக் கலப்பைத்தான்.

மூன்றாவதாகப் பலரும் சொல்வது, மாநில அரசு கொடுக்கட்டுமே என்பது. கொடுக்கிறது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 2ஆம் முன்மொழிவு 1,000 கோடி டாலர் மாநிலப் பத்திரத்துக்கு வழிவிட்டது. அதில் 850 கோடி பள்ளிகளுக்கு, மீதி சமுதாயக் கல்லூரிகளுக்கு. ஆனால் அது சும்மா வருவதில்லை. 25 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தைப் புதுப்பிக்க மாநிலம் பொதுவாக 60 பங்கு போட்டால், மாவட்டம் 40 பங்கு போட வேண்டும். மிகவும் வறிய மாவட்டங்களுக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. எங்கள் ஊரைப் போன்ற இடம் அந்தக் கணக்கில் வராது. உள்ளூர்ப் பத்திரம் இல்லையென்றால் அந்த 40 எங்கிருந்து வரும்? நம் மாவட்டம் பங்கு போட முடியாமல் வரிசையில் நிற்காவிட்டால், அந்தப் பணம் பங்கு போட்ட ஊர்களுக்குப் போய்விடும். மாநிலப் பத்திரத்தைத் திருப்பிக் கட்டுவது நாமும் சேர்ந்து நிரப்பும் மாநிலக் கருவூலம்தான். ஆகவே இதை மூன்றாவது வழி என்பதைவிட, முதல் வழியோடு சேர்ந்து வருகிற சீர் என்று வைத்துக்கொள்வதே சரி.

இன்னும் இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்சல் டாக்ஸ் எனப்படும் மனை வரி, பெரும்பாலும் ஒரு மனைக்கு இவ்வளவு என்று சமமாகப் போடுவது. புதியவர், பழையவர் என்ற மேற்சொன்ன ஏற்றத்தாழ்வு இதில் இல்லை. எனக்கு இது பிடித்த அம்சம். ஆனால் மாவட்டம் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்டுதோறும் சொட்டுச் சொட்டாக வரும் இந்தப் பணம், சம்பளத்துக்கும் செலவிடலாம் என்பதால், ஆசிரியர்களைத் தக்கவைக்கப் பொருந்தும். பத்துப் பள்ளிகளின் மின்கம்பிகளை மாற்ற அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மற்றொன்று, வாக்கெடுப்பே இல்லாமல் கட்டடத்தைக் குத்தகைக்கு விட்டுத் திரும்ப எடுப்பதுபோல் ஆவணம் எழுதிக் கடன் வாங்குவது. சட்டப்படி முடியும். தவணை பொதுக் கணக்கிலிருந்து போகும், அதாவது வகுப்பறைப் பணத்திலிருந்து. இதை நான் எதிர்ப்பேன்.

பள்ளிகளை மூடி, மீதமுள்ளவற்றை மட்டும் சரிசெய்வது அடுத்தது. வீட்டு விலை ஏறியதாலும் பிறப்பு குறைந்ததாலும் கலிஃபோர்னியாவின் பல மாவட்டங்களில் மாணவர் எண்ணிக்கை இறங்கிவருகிறது. பாதி காலியான பள்ளிக்குப் புதுக் கூரை போட வேண்டுமா என்று கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கக்கூடாது. கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் செய்துபார்த்தவர்கள் பட்டபாடும் கண்முன்னே இருக்கிறது. ஓக்லண்டில் 2022 பிப்ரவரியில் வாரியம் சில பள்ளிகளை மூடவும் இணைக்கவும் முடிவெடுத்தது. இரண்டு ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஊரே தெருவுக்கு வந்தது. 2023 ஜனவரியில் புதிய வாரியம், மூடாமல் மிச்சமிருந்த பள்ளிகளை மூடும் முடிவைத் திரும்பப் பெற்றது. நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருப்பது ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஓராண்டில் தெரிந்தது. மாவட்டத்தின் பத்தாண்டு மாணவர் கணிப்பைக் கேட்டுவாங்கி, மூட வாய்ப்புள்ள பள்ளிகளில் பெரிய வேலையைத் தள்ளிவைக்கச் சொல்வதே சரியென்று நினைக்கிறேன். மூடுவதால் மிச்சமாகும் பணம், மீதிப் பள்ளிகளின் குழாய்க்குப் போதுமானதாக இருக்கப்போவதில்லை.

ஆகவே பத்திரத்துக்கே வந்து சேர்கிறோம். ஆனால் பத்திரத்திலும் நல்லது, கெட்டது என்று இரண்டு உண்டு. நான் பயப்படச் சொன்ன இடம் இதுதான். சாதாரணப் பத்திரத்தில் ஆண்டுதோறும் வட்டி கட்டிவருவோம். இன்னொரு வகை, முதல் பல ஆண்டுகளுக்கு எதுவும் கட்டாமல், வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போவது. வட்டி குட்டி போடும் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். சான் டியாகோ பக்கத்திலுள்ள போவே மாவட்டம் 2011இல் இப்படிச் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது. முதல் இருபது ஆண்டு தவணை இல்லை. முடிவில் திருப்பிக் கட்ட வேண்டியது 98 கோடிக்கு அருகில். இன்றைக்கு வரி ஏறக்கூடாது என்று வாக்காளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, 2051 வரை உள்ளவர்கள் தலையில் அதை ஏற்றிவைத்தார்கள். இந்தக் கூத்து வெளியே வந்தபிறகு, 2013இல் மாநிலம் சட்டம் போட்டது: இத்தகைய பத்திரம் 25 ஆண்டைத் தாண்டக்கூடாது, மொத்தத் தவணை அசலைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது. நான்கு மடங்கே எனக்கு அதிகம். வட்டி சேர்த்துவைக்கும் வகையைப் பயன்படுத்தமாட்டோம் என்று வாரியம் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். "வரி விகிதம் ஏறாது" என்ற இனிப்பான வாசகத்தைக் கண்டால், எத்தனை ஆண்டுக்குக் கட்டப்போகிறோம் என்று உடனே பாருங்கள்.

டல்லாஸ் பக்கம் இருக்கும் என் மைத்துனரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, அங்கே நடைமுறை வேறு என்றார். டெக்சாஸில் 2019 முதல் பள்ளிப் பத்திர வாக்குச்சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். விளையாட்டரங்கம், நீச்சல் குளம் போன்றவற்றைத் தனிக் கேள்வியாகவும் கேட்க வேண்டும். அந்த எச்சரிக்கை வாசகம் கொஞ்சம் மிரட்டலாக இருக்கிறது என்பேன். கேள்விகளைப் பிரிப்பது மட்டும் கலிஃபோர்னியாவிலும் இருந்தால் நன்றாக இருக்கும். இங்கே கூரையும் குழாயும் விளையாட்டுத் திடலும் ஒரே மூட்டையில் கட்டி வருகின்றன. எடுத்தால் முழுவதும், விட்டால் முழுவதும்.

அதனால்தான் வேலைப் பட்டியலின் வரிசை எனக்கு முக்கியம். எல்லாப் பள்ளிக்கும் கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் புல்வெளி என்று பரப்பினால் வாக்கு கிடைப்பது எளிது. எல்லாரும் வாயிற்கதவில் புதுப் பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். அகல உழுவதைவிட ஆழ உழுவதே இங்கு வேண்டும். முதலில் நிலநடுக்கப் பாதுகாப்பு. 1933 மார்ச் 10 மாலை 5.54க்கு லாங் பீச்சை உலுக்கிய நிலநடுக்கத்தில் 70 பள்ளிகள் இடிந்தன, 120 பள்ளிகள் பெருத்த சேதம் அடைந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்த நேரம் என்பதால் பேரழிவு தப்பியது. ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்று முதல் பொதுப் பள்ளிக் கட்டட வரைபடங்களை மாநிலக் கட்டடக்கலை அலுவலகம் சரிபார்க்கிறது. பள்ளி வேலைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு, அதில் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புக்கான விலை என்பது தெரிய வேண்டும். அதற்கடுத்துக் கூரை, குழாய், மின்பலகை, குளிர்சாதனம். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயப் பெயின்ட்டும் இருக்கும் என்பதால், சுவரை ஒருமுறை திறந்தால் எல்லா வேலையையும் சேர்த்து முடித்துவிட வேண்டும். போர்ட்டபிள் அறைகளுக்குப் பதில் நிலையான அறைகள் அதற்குப் பிறகு. விளையாட்டுத் திடல் கடைசியில்.

முடித்த கட்டடத்தைப் பராமரிப்பது தனிக் கதை. மாநிலப் பங்கு வாங்கிய மாவட்டம், பொதுக் கணக்குச் செலவில் 3 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது விதி. அது ஒழுங்காக நடந்திருந்தால் அந்தக் குழாய்க்குள் பென்சில் அளவு துவாரம் வரும்வரை விட்டிருப்பார்களா என்று அலுவலரிடமே கேட்டேன். குழாயின் உட்புறம் யார் கண்ணுக்கும் படுவதில்லை, கூரைக்கும் கொதிகலனுக்குமே பணம் சரியாகப் போகிறது என்றார். மழுப்பாமல் சொன்ன அந்தப் பதில் எனக்கு அவர்மீது நம்பிக்கையைத் தந்தது.

என் முடிவு: சாதாரணப் பத்திரம், 25 ஆண்டுக்குள், தேவைக்கேற்ப இரண்டு மூன்று தவணையாக வெளியிடுவது, நீண்டகாலம் உழைக்கும் வேலைகள் முன்வரிசையில். இப்படி ஒன்று வாக்குச்சீட்டில் வந்தால் ஆம் என்று குறிப்பேன்; எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்குப் பல நூறு டாலர் கூடும் என்று தெரிந்தேதான். வட்டியைச் சேர்த்துவைக்கும் பத்திரமும் மடிக்கணினியும் பெயின்ட்டும் கலந்த மூட்டையாக வந்தால், இல்லை என்று குறித்துவிட்டு, அடுத்த தேர்தலுக்குத் திருத்திக் கொண்டுவரச் சொல்வேன். வரைபட அனுமதி, ஒப்பந்தம், கோடை விடுமுறையில் மட்டும் வேலை என்று இழுக்கும் கணக்கைப் பார்த்தால், என் மகள் அந்தப் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் புதுக் குழாயில் தண்ணீர் வரும்.

அடுத்த வாரியக் கூட்டத்தில் பேசுவதற்கு எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். பட்டியலில் வரிசை எண் எங்கே, பத்திரம் எந்த வகை, எத்தனை ஆண்டு என்ற கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குழாய்த் துண்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.